கூடார ஆணி இறங்கிய ரோடு

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இங்கே மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரவாங் வரைக்கும் எந்த ரோட்டில் எத்தனை டன் லோரி திரும்பும், எந்தப் பாலத்துக்குக் கீழே கண்டெய்னர் இடிக்கும் என்று படித்தவர் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாற்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்து நானே தெரிந்துகொண்டேன். ஒரு லோரி வாங்கினேன், அது ஏழு லோரியானது. இப்போது லோரிகளை மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் வரைபடம் வரைகிறேன்.

சிரிக்க வேண்டாம். இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் சம்பளத்துக்கு ஆள் வைத்து வரைந்தது இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தனக்குத் தெரிந்த ரோட்டைச் சேர்க்கலாம், தப்பாக இருந்தால் திருத்தலாம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தபோது அதைக் கண்டுபிடித்தேன். எங்கள் லோரிகள் நிற்கும் இடத்துக்குப் போகிற மண்ரோடு அதில் இல்லை. நானே இழுத்துப் போட்டேன். மறுநாள் பார்த்தால் உலகமே பார்க்கும்படி அங்கே கிடக்கிறது. அதன் பிறகு என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. என் முதல் லோரியின் நம்பரைத்தான் அதில் என் பெயராக வைத்துக்கொண்டேன். இரண்டே வருடத்தில் கிள்ளானில் பாதி என் கைபட்டது. படித்த பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தாலும் அவ்வளவு போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ரோட்டைக் கோடாக இழுத்தால் மட்டும் போதாது. அது என்ன வகை ரோடு என்றும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையா, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு வண்டிகளைக் கொண்டுபோகும் இணைப்பு ரோடா, வீடுகள் மட்டும் உள்ள குடியிருப்புத் தெருவா, வீட்டுக்குப் பின்னால் குப்பை லோரி வரும் சந்தா. வகைக்குத் தகுந்த மாதிரி கோடு தடிக்கும், மெலியும். கைபேசியில் வழி சொல்லும் செயலிகள் சில இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வண்டிகளை அனுப்புகின்றன. தடித்த கோடு என்றால் தாராளமாக வரலாம். மெல்லிய கோடு என்றால் அங்கே வேலை இருக்கிறவன் மட்டும் வந்தால் போதும். ஜெர்மனியில் ஒருவர் குடியிருப்புத் தெரு என்று குறிப்பதும் கிள்ளானில் நான் குறிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே செயலி அங்கே ஒழுங்காகவும் இங்கே கிறுக்குப் பிடித்தாற்போலவும் வழி சொல்லும். அதற்காகவே பல நாட்டு ஆட்கள் ஓயாமல் எழுதி வாதாடுகிறார்கள்.

நான் யாருடைய வாதத்தையும் கேட்கவில்லை. என்னிடம் என் அளவு இருந்தது. இரண்டு லோரி எதிரும் புதிருமாகப் போக முடிந்தால் இணைப்பு ரோடு. ஒன்று ஒதுங்கி நின்றால்தான் இன்னொன்று போகும் என்றால் குடியிருப்புத் தெரு. ஜெர்மனிக்காரர் ஒருவர், எல்லா நாட்டிலும் வகை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர், இது சரியில்லை என்று எழுதினார். கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, நீங்கள் லோரி ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பேச்சு அதோடு முடிந்தது. ஜெர்மனிக்காரனையே மடக்கிவிட்டேன் என்று மனைவியிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார்.

நாங்கள் இருப்பது வரிசை வீடுகள் உள்ள தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. கார் நிற்கிற இடம்தான் வாசல். அதில் பத்துப் பேர் நிற்க முடியாது. அதனால் கல்யாணமோ சாவோ எதுவாக இருந்தாலும், கெமா என்று நாங்கள் சொல்லும் கூடாரத்தை வீட்டுக்கு முன்னால் ரோட்டிலேயே போட்டுவிடுவோம். சீனர் வீட்டுச் சாவானாலும் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமானாலும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். கார்களைத் தள்ளி நிறுத்திக்கொள்வார்கள். அவருக்கும் காலையிலேயே கூடாரம் போட்டாயிற்று. முப்பது வருடமாக எதிரெதிர் வாசல் எங்களுக்கு. நாற்காலி அடுக்குவதிலிருந்து எல்லாம் நான்தான் நின்று பார்த்தேன்.

பதினோரு மணி இருக்கும். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண்டெய்னர் லோரி நுழைந்தது. இரண்டு மாதமாகவே இப்படி வந்துகொண்டிருந்தன. மெயின் ரோட்டில் மேம்பால வேலை ஆரம்பித்து ஜாம் ஆனதிலிருந்து துறைமுக லோரிகள் எங்கள் தாமானுக்குள் வருகின்றன. ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டிருந்தோமே தவிர, ஏன் எங்கள் ரோட்டுக்கே வருகிறார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு வந்தவன் கூடாரத்தைப் பார்த்ததும் பின்னால் எடுக்கப் பார்த்தான். பின்னாலும் கார் வந்து நின்றுவிட்டது. முன்னே வந்து வளைத்து எடுத்ததில் கண்ணாடி கூடாரத்துக் கயிற்றில் மாட்டி, ஒரு கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. துணி ஒரு பக்கம் அப்படியே சரிந்து நாற்காலிகள் மேல் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தான் இருப்பாரு. அதுவரைக்குமாச்சும் விடுங்க" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

நான் லோரிப் படியில் ஏறி ஓட்டுநரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். தமிழ்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். கைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினான்.

"மேப் இப்படித்தான் காட்டுது அங்கிள். நான் என்னா செய்யறது?"

எங்கள் ரோடு அதில் தடியாகக் கிடந்தது. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். இதைப் பெரிய ரோடு என்று போட்டவன் எவன், அவனைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன், கண்டுபிடித்தால் இதே ரோட்டில் நிற்க வைத்துக் கேட்பேன் என்றேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அதனால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினேன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் பதினாறாம் நாள் காரியத்தை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். ரோட்டில் பந்தி போட்டுப் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருக்கும்போது லோரி வந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் பயம். அவர்கள் அம்மா மறுத்துப் பேசவில்லை. நான் காபி குடிக்கப் போனபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

"மூணு புள்ளைங்க கல்யாணத்துக்கும் இந்த ரோட்லதான் நின்னு நின்னு கெமா போட்டாரு. வேற வீட்டு விசேஷத்துக்கும் அவருதான் போயி நிப்பாரு. அவருக்குன்னு ஒரு நாள் ஒழுங்கா போட முடியலையே அண்ணே."

"இங்கதாம்மா போடறோம். லோரி வராது. அது என் பொறுப்பு" என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன் நான். நகராண்மைக் கழகத்துக்குப் போய்த் தடுப்புக் கட்டை கேட்டேன். விண்ணப்பம் கொடுங்கள், பார்ப்போம் என்றார்கள். லோரி நுழையக் கூடாது என்று மலாயில் பலகை எழுதி லோரி நுழைகிற மறுமுனையில் நட்டேன். அன்று மட்டும் நான்கு லோரி அதைத் தாண்டி வந்தன. கைபேசியைப் பார்த்து ஓட்டுகிறவன் பலகையைப் பார்ப்பானா?

அதனால் ரயில் ஏறிக் கோலாலம்பூரில் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். வரைபடம் வரைகிறவர்கள் மாதம் ஒருமுறை அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் கூடுவோம். அதில் திருநெல்வேலியிலிருந்து வேலை விசாவில் வந்த ஒரு அம்மா உண்டு. நாற்பது வயதிருக்கும், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. எந்த ரோட்டை யார் எப்போது மாற்றினார்கள் என்று தோண்டி எடுக்க அவருக்குத் தெரியும். போன் செய்து அவரை மட்டும் அந்தக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். நடந்ததைச் சொல்லி, அவனைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"கோவப்படாம பாருங்க அங்கிள்."

என் முதல் லோரியின் நம்பர். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு லோரி போகும், அதனால்தான் போட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"ரெண்டு லாரி போகுதான்னு பாத்து வகை பிரிச்சா எங்கூர்ல பாதி மெயின் ரோடு தெருவாயிரும் அங்கிள். அத விடுங்க. உங்க ரோட்ல ரெண்டு பக்கமும் கார் நிக்கிற படம் நெட்ல கெடக்குது. எங்க ரெண்டு லாரி போகும்?"

அவர் சொன்னது சரி. எல்லாரும் வேலைக்குப் போய் ரோடு காலியாகக் கிடந்த நேரம் பார்த்து அளந்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்கு சுங்கை வேயில் இருக்கிற மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் வரைபடப் பெருமையைச் சொல்லி, கைபேசியில் எல்லாருக்கும் காட்டினேன். அவர் வீட்டு ரோடு தடியாகத் தெரிந்தது. என் வீட்டு ரோடு நூல் மாதிரி இருந்தது. "என்னா மாமா, உங்க பங்களா சந்துக்குள்ளயா இருக்கு?" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவை எடுத்தேன். வரிசையிலேயே பெரிய முனைவீட்டை வாங்கியவன் நான், என் ரோடு சந்தா? அன்றைக்கே தடிக்க வைத்தேன். மேம்பால வேலை தொடங்கும் வரை அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அதனால் மறந்தும் போனேன்.

அந்த மேசையிலேயே உட்கார்ந்து ரோட்டைப் பழையபடி குடியிருப்புத் தெரு என்று மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன். ரயிலில் கிள்ளான் வந்து இறங்குவதற்குள் ஜெர்மனிக்காரர் அதைத் திரும்பவும் இணைப்பு ரோடாக்கிவிட்டார். காரணமும் எழுதியிருந்தார். இரண்டு பெரிய ரோடுகளை இணைக்கிறது, அகலமாக இருக்கிறது என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், இப்போது என்ன மாறிவிட்டது என்று கேட்டிருந்தார். எதிர்வீட்டுக் காரியத்தைச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார். ஆனால் ஒரு வீட்டுச் சடங்குக்காக ரோட்டின் வகையை மாற்ற முடியாது, எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

கைபேசியை வீசி எறியத் தோன்றியது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "மடக்கின ஆளு இவருதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் பேசியதில் தப்பே இல்லை. பெருமைக்காக ஒரு தரம் மாற்றினேன், அவசரத்துக்காக இன்னொரு தரம் மாற்றுகிறேன். ஆளாளுக்கு இப்படிச் செய்தால் அது என்ன வரைபடம்? அவருக்குச் சொல்ல என் கையில் உறுதியான ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை ரோட்டில் இறங்கி நின்றேன். எதிர்வீட்டு வாசலுக்கு நேரே, லோரி பிடுங்கிய இடத்தில், தார் பெயர்ந்து கிடந்தது. கூடாரத்துக் கயிற்றைக் கட்டுவதற்குத் தாரிலேயே நீள இரும்பு ஆணியை அடித்து இறக்குவார்கள். பிடுங்கிய பிறகு ஓட்டை அப்படியே இருக்கும். குனிந்து பார்த்தேன். புது ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று, மண் அடைத்துப் போனது. அது அவருடைய கடைசி மகள் கல்யாணத்துக்கு அடித்தது. என் வாசலுக்கு வந்தேன். என் மகள் கல்யாணத்துக்கு நானே சம்மட்டி பிடித்து இறக்கியது நான்கு. அப்படியே நடந்தேன். சீனர் வீட்டு முன்னால் இருந்தது, மலாய்க்கார ஆசிரியர் வீட்டு முன்னால் வரிசையாக எட்டு இருந்தது. எங்கள் ரோடு முழுக்க, வீட்டுக்கு வீடு, ஆணி ஓட்டை.

பிறகு பஸ் போகிற பக்கத்து ரோட்டுக்குப் போனேன். அங்கேயும் இரண்டு பக்கமும் வீடுதான். எங்கள் ரோடு அளவுக்குத்தான் அகலம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடினேன். ஒரு ஓட்டைகூட இல்லை. அந்த ரோட்டு வீட்டுக்காரர்கள் விசேஷம் வந்தால் பக்கத்துத் திடலில் போய்ப் போடுவார்கள். ரோட்டை மறிக்க வேண்டுமென்றால் போலீசிடம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அங்கேயே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலித்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாற்பது வருடம் ரோட்டைப் பார்த்தும் வண்டியின் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ரோடு எவ்வளவு அகலம் என்பது பேச்சே இல்லை. அது யாருக்காகக் கிடக்கிறது என்பதுதான் பேச்சு.

நான்கு நாள் நடந்தேன். காலையில் வெயில் ஏறும் வரை, மறுபடி சாயங்காலம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தாமானில் ஒரு ரோடு விடவில்லை. ஓட்டை இருக்கும் இடத்தையெல்லாம் படம் எடுத்தேன். பெரியவருக்கு என்ன காணாமல் போயிற்று என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. நான் குடியிருப்புத் தெரு என்று போட்டு வைத்திருந்த இரண்டு ரோடுகளில் வீடே இல்லை, கார் பட்டறைகள்தான். இணைப்பு ரோடு என்று போட்ட இன்னும் மூன்றில் ஆணி ஓட்டை நிறைந்து கிடந்தது. என் அளவில் இவ்வளவு ஓட்டை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். மைத்துனர் பேச்சு உட்பட. அந்த அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க தேடிக்கிட்டிருந்த ஆளு கெடச்சிட்டாரு."

"கெடச்சிட்டாம்மா."

"ரோட்ல நிக்க வச்சுக் கேக்கறேன்னீங்களே?"

"நாலு நாளா ரோட்லதான் நிக்கிறான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ். நான் தமிழில் சொல்லச் சொல்ல, திருநெல்வேலி அம்மா ஆங்கிலத்தில் அடித்தார். முதலில் என் தப்பை எழுதச் சொன்னேன். பெருமைக்காக மாற்றினேன் என்றே எழுதுங்கள் என்றேன். பிறகு காரணத்தைச் சொன்னேன். வீட்டு விசேஷத்துக்கு ரோட்டை மறிக்க நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டும்? அக்கம்பக்கத்து வீட்டில் சொன்னால் போதும் என்றால் அது குடியிருப்புத் தெரு. அங்கே குடியிருக்காத ஆட்களிடமும் சொல்ல வேண்டும் என்றால் அது வேறு வகை. அகலம் எவ்வளவு இருந்தாலும் சரி, இரண்டு முனையும் எங்கே போய்ச் சேர்ந்தாலும் சரி. ஆணி ஓட்டைப் படங்களையும், ஓட்டையே இல்லாத பஸ் ரோட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

"எங்கூர்லயும் தெருவ மறிச்சுத்தான் பந்தல் போடுவோம். ரோட்டத் தோண்டிக் கால் நடுவோம். இது எனக்குத் தோணலையே" என்றார் அந்த அம்மா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு நாள் பதில் இல்லை. கோடு தடியாகவே கிடந்தது. எதிர்வீட்டில் சமையல்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். கூடாரக்காரரும் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெர்மனிக்காரரிடமிருந்து பதில் வந்தது. அவர் தெருவில் கோடைக்காலத்தில் ஒரு நாள் எல்லா வீட்டிலிருந்தும் மேசைகளைத் தூக்கி வந்து நடுரோட்டில் போட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்களாம். என் தெருவைக் குடியிருப்புத் தெரு என்று எப்போதோ குறித்தேன், ஏன் என்று யோசித்ததில்லை என்று எழுதியிருந்தார். எல்லா ஊரிலும் தாரில் ஓட்டை இருக்காது, ஆனால் உங்கள் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கலாம் என்றார். ஒரு நிபந்தனையும் போட்டார். உங்கள் ரோட்டை மட்டும் மாற்றக் கூடாது, நீங்கள் வகை பிரித்த எல்லா ரோட்டையும் இதே கேள்வியை வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பாதிக் கிள்ளான். சரி என்று எழுதினேன்.

எங்கள் தாமானை அன்றைக்கே முடித்தேன். என் வீட்டு ரோடு மறுபடி நூல் மாதிரி ஆனது. ஆனால் வரைபடம் மாறியதும் செயலிகள் மாறிவிடாது, சில நாள் ஆகும் என்று திருநெல்வேலி அம்மா முன்பே சொல்லியிருந்தார். பதினாறாம் நாளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்குக் கூடாரக்காரர்கள் சம்மட்டியோடு வந்தார்கள். புதிதாக ஓட்டை போட விடவில்லை நான். பழைய ஓட்டைகளில் மண்ணைக் கிளறிவிட்டு அதிலேயே இறக்கச் சொன்னேன். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லோரி நுழைகிற மறுமுனைக்குப் போனேன். லோரிக்காரர்கள் போடும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் பலகைக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் உட்கார்ந்தேன்.

முதல் லோரி எட்டரைக்கு வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, மேப் இந்த வழியைத்தான் காட்டுகிறது அங்கிள் என்றார்.

"அது பழைய மேப்பு. புது மேப்பு இங்க உக்காந்திருக்கு. லெஃப்ட்ல போய் ரவுண்ட்அபவுட்ல திரும்பு. ஜாம் இருக்கும், பத்து நிமிஷம் பொறுத்துக்கலா."

பின்னால் எடுத்துத் திருப்ப நானே கை காட்டிவிட்டேன். நாற்பது அடி வண்டியை அந்த முனையில் எப்படித் திருப்ப வேண்டும் என்று கிள்ளானில் என்னை விட்டால் யாருக்குத் தெரியும்? மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு வந்தன. இரண்டும் திரும்பிப் போயின. கூடாரத்திலிருந்து மந்திரச் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம், பந்தி போடுகிற சத்தம்.

ஒரு மணிக்கு எதிர்வீட்டு அம்மா தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தானே நடந்து வந்தார். வெயிலில் அந்த வெள்ளைச் சேலை கண்ணைக் கூசச் செய்தது.

"வந்து எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க அண்ணே. இனி வராது."

"கெமா பிரிச்ச பெறகு வரேம்மா" என்றேன்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிட்டேன். அவரும் உடனே திரும்பிப் போய்விடவில்லை. பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்தபடி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார்.